இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே

மார்ச் 2

அண்ணிக்கு,

மணிக்கட்டு எப்படி இருக்கிறது? வீக்கம் வடிந்துவிட்டதாக அண்ணன் சொன்னான்.

நீங்கள் இருக்கும் மலைத்தளத்தில் போன் எடுக்காது என்று தெரியும். சிகிச்சைக்குக் கீழே ஊருக்கு வந்த அன்று நான் இரண்டு முறை அழைத்தேன், இரண்டு முறையும் நீங்களே துண்டித்தீர்கள் என்பதும் தெரியும். அதனால் எழுதுகிறேன். வாரத்துக்கு இரண்டு முறை சாமான் வண்டி மேலே வருகிறதாம், தபால் பையும் அதில்தானாம். கடிதத்தைத் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம். ஆனால் நீங்கள் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள்.

என் அறிக்கையின் நகல் வந்திருக்கும். பதினேழாம் பக்கத்தில் உள்ள வரிதான் உங்கள் கோபத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். "சோதனை விமானி உரிய நேரத்தில் கட்டுப்பாட்டை மீட்டெடுக்கவில்லை." அதை உங்கள் நாத்தனாராக நான் எழுதவில்லை. ஹெலிகாப்டரைத் தானாக நிலைநிறுத்தும் முறையை வடிவமைத்த குழுவின் தலைமைப் பொறியாளராக எழுதினேன். என் நாற்காலியில் வேறு யார் இருந்தாலும் இதைவிடக் கடுமையாகத்தான் எழுதியிருப்பார்கள்.

நடந்தது என்ன என்பதில் நமக்குள் தகராறு இல்லையே? ஹெலிகாப்டர் தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் நின்ற இடத்தில் நிற்கிறது. நான் எழுதிய முறையை இயக்கிவிட்டு, சோதனை அட்டையில் சொன்னபடி ஸ்டிக்கிலிருந்து கையை எடுக்கிறீர்கள். ஆறு நொடி அது தானாக நிற்க வேண்டும். மூன்றாம் நொடியில் வலப்பக்கம் சாய ஆரம்பிக்கிறது. ஐந்தில் பன்னிரண்டு டிகிரி. ஆறில் பிடிக்கிறீர்கள், அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. தரையில் மோதி ஹெலிகாப்டரின் ஒரு கால் மடங்கியது. என் மாடலில், அதாவது கம்ப்யூட்டருக்குள் நான் சமன்பாடுகளால் கட்டி வைத்திருக்கும் ஹெலிகாப்டரில், இதே சோதனையை நாற்பது முறை ஓட்டினேன். நாற்பது முறையும் ஆடாமல் அசையாமல் நின்றது. ஆக, திடீர்க் காற்று ஒன்று தள்ளியிருக்க வேண்டும். காற்று தள்ளினால் விமானி பிடிக்க வேண்டும். இவ்வளவுதான் நான் எழுதியது.

விசாரணை 28ஆம் தேதி. அதுவரை இயந்திரத்தோடு நீங்களும் மேலேயே இருக்க வேண்டுமாமே. கம்பளிச் சட்டை போதுமா?

உங்கள் நாத்தனார்


மார்ச் 6

சமன்பாட்டம்மாவுக்கு,

படித்துவிட்டுத்தான் கிழித்தேன். பிறகு ஒட்டினேன். பதில் எழுத வேண்டாமா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ காற்று கோணல் என்கிறாய். எந்தக் காற்று தாயே? அன்று காலை காற்றின் போக்கைக் காட்டும் ஓடுதளத்துக் காற்றுப்பை பிழிந்து போட்ட துண்டு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் பீடி பற்றவைத்தார், புகை நேராக மேலே போனது. ரோட்டர் சுற்ற ஆரம்பிப்பதற்கு முன்னால்தான், பயப்படாதே. அவரையும் அறிக்கையில் சேர்த்துவிடாதே.

ஆறு நொடி பிடிக்காமல் இருந்தேன். உண்மை. ஏன் இருந்தேன் என்று ஒரு தடவையாவது கேட்டாயா? அட்டையின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தாய்: "அண்ணி, இந்தத் தடவையாவது அந்த ரெண்டு விரலையும் எடுங்க, ப்ளீஸ்." கீழே நடந்த சோதனைகளின் வீடியோவில் என் இரண்டு விரல் ஸ்டிக்கின் மேல் சும்மா கிடந்ததைப் பார்த்துவிட்டு எழுதினாய். சரி, பிள்ளை மூன்று வருடம் கண் விழித்துச் செய்த வேலை, அண்ணியே நம்பாவிட்டால் யார் நம்புவார்கள் என்று இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். மூன்றாம் நொடியில் சாய்ந்தபோது என் வயிற்றுக்குத் தெரிந்தது. பிடித்துவிடு என்றது. இல்லை, அவள் பிடிப்பாள், அவள் எழுதியது பிடிக்கும் என்று காத்திருந்தேன். தாமதம் என்று நீ எழுதியது அதைத்தான். உன்னை நம்பிய மூன்று நொடி அது.

28ஆம் தேதி அந்த வரி நின்றுவிட்டால் என் சோதனை உரிமம் போகும். பதினோரு வருடம். உனக்கு அது ஒரு வரி.

இங்கே காலையில் மேகம் கொட்டகைக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஹெலிகாப்டர் மடங்கின காலோடு அதற்குள் நிற்கிறது, ரோட்டர் இறக்கைகளின் நுனிகள் தெரிவதில்லை. மெக்கானிக் துடைப்பத்தை வைத்துக்கொண்டு, "மேடம், மேகத்தை பெருக்கி வெளிய தள்ளிடவா?" என்கிறார். நான் அதன் கதவில் சாய்ந்து நிற்கிறேன். கனவில் நிற்கிற மாதிரிதான் இருக்கிறது, தரை எங்கே என்று காலுக்குத்தான் தெரிகிறது.

கம்பளிச் சட்டை இருக்கிறது.

உன் அண்ணன் மனைவி


மார்ச் 10

அண்ணி,

காற்றுப்பை தொங்கியதை மறுக்கவில்லை. அது ஓடுதளத்தின் மறுகோடியில் இருக்கிறது. மலைச்சரிவில் சின்னச் சின்னச் சுழல்கள் வந்து போகும், காற்றுப்பைக்குக்கூடத் தெரியாது. நான் பூசி மெழுகவில்லை. மாடல் நிற்கிறது, நிஜம் சாய்கிறது என்றால் நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது. அதை நான் காற்று என்கிறேன். வேறு என்னவென்று நீங்கள் சொல்லுங்கள்.

பென்சில் குறிப்பை நான் மறந்தே போயிருந்தேன். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் இப்படியே எழுதிவிடுகிறேன்.

நேற்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் சிமுலேட்டர் அறையில் போய் உட்கார்ந்தேன். அது நிஜ ஹெலிகாப்டரின் முன்பாகம் மட்டும்தான். மூன்று பக்கமும் திரை, திரையில் வானம். உங்கள் மலையை ஏற்றி, உங்கள் உயரத்தில் நிறுத்திவிட்டு, கையை எடுத்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது என்று உங்களுக்கே தெரியும், சைக்கிளிலேயே சுவரைத் தேடிப் போய் இடிப்பவள். ஆனாலும் அது நின்றது. பத்து நொடி, இருபது நொடி. திரையில் மேகம் மட்டும் மெல்ல நகர்ந்தது. எழுந்து வர மனமில்லாமல் அப்படியே இருந்தேன். இத்தனை அமைதியான ஒன்று எப்படிப் பொய் சொல்லும் அண்ணி?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுப் பார்வையைச் சரிசெய்கிறவன், வீட்டில் நடக்கும் எதையும் பார்க்காத மாதிரியே சாப்பிட்டான். கை கழுவும்போது மட்டும், "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் கிடந்து முழிக்கிறேன், சீக்கிரம் முடிங்க" என்றான்.

ஒரு உதவி. ஹெலிகாப்டரை நின்ற இடத்தில் நிறுத்தும்போது நீங்கள் என்னவெல்லாம் செய்கிறீர்கள்? அசட்டுத்தனமாகத் தோன்றினாலும் விடாமல் எழுதுங்கள். அறிக்கைக்காகக் கேட்கவில்லை.

நாத்தனார்


மார்ச் 14

சமன்பாட்டம்மா,

அறிக்கைக்காக இல்லை என்றால் சொல்கிறேன். நான் ஒன்றும் செய்வதில்லை. அது நிற்கிறது, நான் இருக்கிறேன்.

சிரிக்காதே. ஓட்டப் படித்த காலத்தில் எல்லோரையும் போல நானும் அதோடு மல்லுக்கட்டினேன். இந்தப் பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் தள்ளு, அது ஜாஸ்தியாகிவிட்டால் மறுபடி இந்தப் பக்கம். பந்தின் மேல் நிற்கிற மாதிரி. ஒரு நாள் சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. எப்போது, எப்படி என்று கேட்டால் எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு எந்த ஹெலிகாப்டரில் ஏறினாலும் எனக்கு நிற்கும். மற்றவர்களுக்கு முரண்டு பிடிக்கிறது கூட எனக்கு நிற்கும். "மேடத்துக்கு கைராசி" என்று மெக்கானிக் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நானும் நம்பிக்கொண்டிருக்கிறேன். இயந்திரத்துக்கு என்னைப் பிடிக்கும் என்று.

நின்றுகொண்டிருக்கும்போது எப்படி இருக்கும் தெரியுமா? சத்தம் காதைக் கிழிக்கும், ஆனால் கொஞ்ச நேரத்தில் கேட்காது. கீழே புல் வட்டமாகப் படுத்துக்கொண்டு வெள்ளியாகப் பளபளக்கும். மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை, எங்கேயும் போகவேண்டியதும் இல்லை. வீட்டில் என்னை யாரும் கூப்பிடாத ஒரு நிமிடம்கூட எனக்கு வாய்த்ததில்லை. அங்கே வாய்க்கும். உரிமம் போனால் எனக்குப் போவது அதுதான். சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். இதற்கு எங்கே போவேன்? இதைச் சொல்லும்போது அழுகிறேன், காகிதத்தில் இருக்கும் கறை தேநீர் இல்லை.

அசட்டுத்தனம் என்றால் ஒன்று இருக்கிறது. உன் அண்ணனின் புகார். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன். அவர் சொல்வார், "தூங்குறியா, இல்ல என்னை ஓட்டுறியா? விரல் சும்மாவே இருக்க மாட்டேங்குது. லேசா இந்தப் பக்கம், லேசா அந்தப் பக்கம், அமுக்கிக்கிட்டே இருக்கே." எனக்கு ஒன்றும் தெரியாது, நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பேன். இதையும் உன் மாடலில் போட்டுக்கொள்.

அண்ணி


மார்ச் 18

அண்ணி,

உங்கள் கடிதம் நேற்று காலை வந்தது. படித்ததும் சிரித்தேன். பிறகு பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன்.

ஒரு விஷயம் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் வரவில்லை. மூன்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். இங்கே இரண்டு நாளாக மழை. அலுவலகத்து ஜன்னலில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதத்தை அனுப்புவேனா என்றும் தெரியவில்லை.


மார்ச் 19

அண்ணி,

நேற்று எழுதியதையும் இதோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். நான் எவ்வளவு கோழை என்று உங்களுக்குத் தெரியட்டும்.

ஸ்டிக்கின் அடியில் ஓர் உணரி இருக்கிறது. ஸ்டிக் எவ்வளவு நகர்ந்தது என்று நொடிக்கு ஐம்பது தடவை பதிவுசெய்துகொண்டே இருக்கும். உணரிகள் ஒன்றும் நடக்காதபோதும் கொஞ்சம் நடுங்கும். அதை நாங்கள் இரைச்சல் என்போம். மாடல் கட்டும்போது முதல் வேலை இரைச்சலைத் துடைப்பது, அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி. இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும் அசைவையெல்லாம் அழித்துவிடு என்று ஒரு வரி எழுதினேன். மூன்று வருடத்துக்கு முன்னால். அதற்கப்புறம் அந்த வரியை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

உங்கள் கடிதத்தில் அண்ணனின் புகாரைப் படித்ததும் அந்த வரியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். உணரியின் நடுக்கம் என்றால் தாறுமாறாக இருக்க வேண்டும். இது தாறுமாறாக இல்லை. ஹெலிகாப்டர் வலப்பக்கம் சாய நினைக்கும்போதே, வெளியே யாருக்கும் தெரிவதற்கு முன்பே, ஸ்டிக் ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம் போகிறது. உடனே அரை மில்லிமீட்டர் திரும்பி வருகிறது. நொடிக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. நிற்பதே இல்லை. நூற்று நாற்பது மணி நேரப் பதிவில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதும், வாக்கி டாக்கியில் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போதும் அது நடந்துகொண்டே இருக்கிறது.

இரைச்சல் என்று நான் அழித்தது உங்கள் கை.

கையை அழித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தால், யாரும் தொடாமலே ஹெலிகாப்டர் சாதுவாக நிற்கிற மாதிரி இருக்கும். அந்தச் சாதுத்தனம் அதன் சுபாவம் என்று மாடலுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சாதுவான இயந்திரத்துக்குப் பலமான பிடிப்பு எதற்கு என்று நிலைநிறுத்தும் முறையை மெலிசாக எழுதினேன். கீழே சோதித்தபோதெல்லாம் அந்த இரண்டு விரல்தான் அதை நிறுத்தியிருக்கிறது. சும்மா கிடக்கிறது என்று நான் நினைத்த விரல். மலையில்தான் முதல் தடவையாக நிஜமாகவே எடுத்தீர்கள், அதுவும் காற்று மெலிந்த உயரத்தில். அது விழாமல் என்ன செய்யும்? காற்று எதுவும் வரவில்லை அண்ணி. நீங்கள் சொன்னதுதான் சரி.

இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 17ஆம் தேதி சாயங்காலமே எங்கள் பிரிவின் தலைவரிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார், "மாடலை சத்தமில்லாம சரி பண்ணிடு. அறிக்கை போனது போனதுதான். ரெண்டு பேர் விழுறதுக்கு ஒருத்தர் விழுந்தா போதும்." நான் "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டினேன் அண்ணி. ஒரு முழு நாள் அந்தத் தலையாட்டலோடு இருந்தேன். நேற்றைய கடிதம் அப்போது எழுதியது.

இன்று காலை அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக விசாரணைக் குழுவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினேழாம் பக்கத்துக்குப் பதிலாக ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். அதில் என் பெயர்தான் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே வராது, அண்ணனைக் கேளுங்கள்.


மார்ச் 23

இரைச்சலா?

பதினோரு வருட உழைப்பு உனக்கு இரைச்சலா? மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள், நீ என் கையையே உடைத்துவிட்டு மண் என்று பெருக்கித் தள்ளியிருக்கிறாய். படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் கொட்டகையை மூன்று சுற்று சுற்றி வந்தேன். மெக்கானிக், "என்ன மேடம், கோயில்னு நினைச்சிட்டீங்களா?" என்றார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "அப்ப கைராசி இல்லையா? கைதானா?" என்றார். அங்கேயே உட்கார்ந்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்து முடித்தபின் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு நிற்கிறது, என்னைப் பிடிக்கும் என்று எத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு நாளும் தானாக நின்றதில்லையாம். நான்தான் ஒவ்வொரு நொடியும் விழாமல் பிடித்துக்கொண்டிருந்தேனாம். சும்மா இருக்கிறேன் என்று நினைத்த இடத்தில்தான் அதிகமாக உழைத்திருக்கிறேன். இது சந்தோஷமா துக்கமா என்று இன்னும் பிடிபடவில்லை. மதியம் புல்லில் படுத்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தியின் கை மாதிரி இருந்தது.

தலையாட்டியதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம், எனக்கு எப்படித் தெரியப்போகிறது? சொன்னாய். அதுவே போதும், மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம். ஆனால் ஒரு நாள் முழுக்க ஆட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தாயே, அதை நினைத்தால் இன்னும் எரிகிறது. எரியட்டும், அணையும்போது அணையும்.

உன் வேலைக்கு ஆபத்து வருமா? நேராகச் சொல்.

அண்ணி


மார்ச் 30

அண்ணி,

உங்களுக்கு ஆணை வந்திருக்கும். உரிமத்தில் ஒரு கீறலும் இல்லை. அதை உள்ளே வாசித்தபோது நான் விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அண்ணன். என் தலையில் ஒரு குட்டு வைத்தான், பிறகு அங்கேயே கை வைத்துக்கொண்டிருந்தான்.

தலைமைப் பொறுப்பு போய்விட்டது. என்னைவிட ஆறு வயது சின்னவர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார்கள், நல்ல பையன், "மேடம் நீங்களே உட்காருங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறான். வலிக்காமல் இல்லை. தலைவர் நடைபாதையில் என்னைப் பார்த்தால் கைபேசியைப் பார்க்கிறார்.

ஆனால் நிலைநிறுத்தும் முறையைத் திரும்ப எழுதும் வேலையை எனக்கே விட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை எதையும் துடைக்கவில்லை. முதலில், விசாரணைக்குக் காத்திருந்த நாட்களிலேயே, நிஜமான மாடலைக் கட்டினேன். அதைச் சிமுலேட்டரில் போட்டுக் கையை எடுத்தேன், மூன்றாம் நொடியில் சாய்ந்தது. என் வாழ்க்கையில் ஒரு இயந்திரம் விழுந்து நான் கைதட்டியது அப்போதுதான். இனி அதை நிறுத்துவது எப்படி என்று யாரிடம் கேட்பது? நூற்று நாற்பது மணி நேரப் பாடம் என் முன்னால் இருக்கிறது. எவ்வளவு சாய்ந்தால் எவ்வளவு தள்ளுகிறீர்கள், எத்தனை சீக்கிரம் திரும்ப வருகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். நீங்கள் வலப்பக்கச் சாய்வுக்கு அவசரப்படுகிறீர்கள், இடப்பக்கச் சாய்வுக்குக் கொஞ்சம் பொறுக்கிறீர்கள். மனசு சரியில்லாத நாளில்கூட இது மாறுவதில்லை. பத்து வருடமாக ஒரே வீட்டு விசேஷங்களில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், உங்களை இவ்வளவு தெரிந்துகொண்டதில்லை.

நாத்தனார்


ஏப்ரல் 20

சமன்பாட்டம்மா,

ஹெலிகாப்டருக்குக் கால் மாற்றியாகிவிட்டது. உன் புதிய முறை ஒரு சின்னப் பெட்டியில், பொட்டலம் கட்டிய நகை மாதிரி வந்து சேர்ந்தது. அந்த நல்ல பையனே கொண்டுவந்தான். இரண்டு நாளாக மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறான், இந்த உயரம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 28ஆம் தேதி சோதனை.

அட்டையைக் கொடுத்தான். அதே வரி. கை விலக்கு, ஆறு நொடி.

உனக்கு மட்டும் சொல்கிறேன், உன் அண்ணனுக்குச் சொல்லாதே. என்னால் முடியும் என்று தோன்றவில்லை. தரையில், ரோட்டர் சுற்றாதபோதே உட்கார்ந்து பழகிப் பார்த்தேன். கையை எடு என்று நினைக்கிறேன், எடுக்கிறது, மூன்று என்று எண்ணுவதற்குள் தானாகப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. சூடுகண்ட பூனை மாதிரி. மடியில் வைத்தால் மணிக்கட்டு வலிக்கிறது, ஆறிப்போன மணிக்கட்டு. இரண்டு நாளாக இதுதான் வேலை. மெக்கானிக் எதுவும் கிண்டல் செய்வதில்லை, அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

உன் மேல் கோபம் இல்லை. கோபம் போய்விட்டது, பயம் மட்டும் போகவில்லை. சோதனை விமானி பயப்படுகிறாள் என்று எந்தத் தாளில் எழுதுவது? உனக்குத்தான் எழுத முடிகிறது.

அண்ணி


ஏப்ரல் 24

அண்ணி,

உங்கள் கடிதம் கிடைத்த அரை மணி நேரத்தில் இதை எழுதுகிறேன். இன்றைய வண்டியைப் பிடிக்க வேண்டும்.

கையை எடுக்காதீர்கள்.

புதிய அட்டை இதோடு இருக்கிறது. ஆறு நொடி வரியை நான் அடித்திருக்கிறேன், பக்கத்தில் புதிய தலைமைப் பொறியாளருக்குப் பதிலாக அலுவலகத்தில் இருப்பவரின் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். இரண்டு விரலை வைத்துக்கொண்டே சோதியுங்கள். இனி இரைச்சல் என்று எதையும் அழிப்பதில்லை, அதனால் விரல் என்ன செய்தது, முறை என்ன செய்தது என்று என்னால் பிரித்துப் பார்த்துவிட முடியும். கொஞ்சம் நாள் பிடிக்கும். பிடிக்கட்டும்.

ஒரு அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதி ஒருவரிடம் நம்பிக்கையைக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியாமல் போனது. யாரும் சொல்லித்தரவில்லை என்று சொல்ல மாட்டேன், எனக்கே தெரிந்திருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள் அண்ணி. பாருங்கள், வந்துவிட்டது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், திடுக்கிட வேண்டாம். புதிய முறையில் ஹெலிகாப்டரைத் திருத்தும்போதெல்லாம் ஸ்டிக்கும் கூடவே அசையும். உள்ளே என்ன நடக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டும் என்று அப்படி வைத்தேன்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 29

சமன்பாட்டம்மா,

புதிய அட்டை நேரத்துக்கு வந்தது. நீ அடித்த வரியை இரண்டு தடவை படித்தேன். பிறகு பையனிடம் சொன்னேன், "அட்டைல இருக்கிறத செய்வேன். அதுக்கப்புறம் எரிபொருள் மிச்சம் இருந்தா என் இஷ்டம்." அவன் அட்டையை மறுபடி ஒரு தடவை படித்தான். பக்கத்து இருக்கையில் அவன்தான், பாவம்.

காற்றுப்பையைப் பார்த்தேன், தொங்கியது. பத்து மீட்டர் வேண்டாம், முப்பதில் நிறுத்துகிறேன் என்றேன். கீழே மேகம் ஓடுதளத்தை மூடிக்கொண்டே வந்தது, கொட்டகையின் கூரை மட்டும் மிதந்தது. இரண்டு விரலோடு அட்டையில் இருந்த எல்லாவற்றையும் முடித்தேன். அது நன்றாக நின்றது. ஆனால் என் விரலுக்கும் நின்றிருக்கும், உன் முறைக்கும் நின்றிருக்கும், யார் நிறுத்துகிறார்கள் என்று எப்படித் தெரியும்?

அப்புறம் எடுத்தேன். நீ கேட்டிருந்தால் எடுத்திருக்க மாட்டேன். வேண்டாம் என்றாய், அதனால் என்னால் முடிந்தது.

பையன் எண்ணினான். "ஒண்ணு, ரெண்டு, மூணு." நான் மடியில் கையை வைத்துக்கொண்டு ஸ்டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசைந்தது. வலப்பக்கச் சாய்வுக்கு அவசரமாக ஒரு சின்னத் தள்ளு, உடனே பாதி திரும்பி வந்தது. இடப்பக்கச் சாய்வுக்குப் பொறுத்துப் பொறுத்து. யாரும் தொடவில்லை. பதினோரு வருடமாக நான் செய்வதை நான் பார்த்ததே இல்லையே, நேற்றுதான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். இவ்வளவு பொறுமையாகவா பிடித்துக்கொண்டிருந்தேன்? நாளைக்கு இதில் வந்து உட்காரப் போகிற ஏதோ ஒரு கத்துக்குட்டிக்கும் இது இப்படித்தான் பிடித்துக்கொண்டிருக்கும், இல்லையா?

ஆறு தாண்டியது. அறுபது தாண்டியது. பையன் எண்ணுவதை விட்டுவிட்டான். எனக்கு அழுகை வந்தது, நன்றாகவே வந்தது. ஓட்டும்போது எத்தனையோ தடவை கண் கலங்கியிருக்கிறது, வெயிலுக்கு, தூசிக்கு, வேறு எதற்கெல்லாமோ. ஒரு தடவைகூடத் துடைத்ததில்லை, அப்படியே காய விட்டுவிடுவேன். நேற்று முப்பது மீட்டர் உயரத்தில், நின்ற இடத்தில் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அண்ணி